வண்டி நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் ‘இயக்க விதிகள்’. ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று மூன்றையும் எடுத்துக்காட்டோடு எழுதினால் முழு மதிப்பெண். முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். காலை வகுப்பில் நிலைமத்தைத் தங்குதடையின்றிச் சொன்ன பையன், மாலையில் பேருந்துப் படிக்கட்டில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன். அவனுக்குப் பாடம் புரியாமல் இல்லை. அந்தப் பாடம் தன் உடம்பைப் பற்றியது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது. அதைத் தீர்க்கத்தான் இந்தப் பட்டியல்.

விதி எளிமையானது. கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிப் பார்த்துக் கண்டதை, நியூட்டன் 1687-இல் தம்முடைய ‘பிரின்சிப்பியா’ நூலில் முதல் விதியாக வைத்தார். ஓடுகிற பொருள் அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்தவும் திருப்பவும் வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். வண்டிக்கு அந்த விசை பிரேக்கிலிருந்தும் தரையின் உராய்விலிருந்தும் கிடைக்கிறது. வண்டியில் இருக்கும் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? வண்டியில் ஏறும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். என்னை நிறுத்தப்போவது எது? கம்பியா, பெல்ட்டா, அல்லது தார்ச்சாலையா?

பேருந்தில்

*ஓடும் பேருந்திலிருந்து இறங்காதீர்கள், எவ்வளவு மெதுவாகப் போனாலும்.* “மெதுவாகத்தானே போகுது” என்பது கண் செய்யும் ஏமாற்று. பெரிய வண்டிக்குள் உயரத்தில் நிற்கும்போது வேகம் குறைவாகத்தான் தெரியும். மணிக்கு 30 கி.மீ. என்பது விநாடிக்கு 8 மீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் இறங்குகிறவர் விழாமல் தப்ப வேண்டுமானால், தரையில் கால் பட்ட முதல் அடியிலிருந்தே 100 மீட்டரை 12 விநாடியில் கடக்கும் ஓட்டக்காரரைப் போல ஓடியாக வேண்டும். 20 கி.மீ. வேகம் என்றாலும் 18 விநாடி ஓட்டம். முதுகில் பையோடு, செருப்புக் காலோடு அது யாராலும் ஆகாது. பாதத்தைத் தரை பிடித்து நிறுத்திவிடும், இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு பேருந்தின் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஆள் குப்புற விழுவது இதனால்தான்.

“பஸ் போற பக்கமே பார்த்து இறங்கு” என்று பெரியவர்கள் சொன்னது சரியான இயற்பியல்தான். ஆனாலும் அதை ஓடும் பேருந்தில் இறங்குவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கல்லூரியில் படித்த காலத்தில் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் குதித்தேன், பக்கவாட்டில் உருண்டேன். பின்சக்கரம் என் கைக்கு அருகே கடந்துபோனது. முழங்காலில் தழும்பு இன்றும் இருக்கிறது.

*படிக்கட்டில் நிற்காதீர்கள்.* கூட்டம், தாமதம், அடுத்த பேருந்து எப்போது என்று தெரியாத நிலை எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் படிக்கட்டுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருப்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் பேருந்தின் வாசல் இடப்பக்கம். முன்னால் போகும் வண்டியை முந்த ஓட்டுநர் வண்டியை வலப்பக்கம் ஒடிப்பார். அப்போது பேருந்து வலப்பக்கம் திரும்பும், உங்கள் உடம்போ பழைய திசையிலேயே நேராகப் போகப் பார்க்கும். அதாவது வாசலுக்கு வெளியே. உள்ளே நிற்பவரைப் பேருந்தின் சுவரோ பக்கத்தில் இருப்பவரோ தாங்கிவிடுவார். படிக்கட்டில் நிற்பவரைத் தாங்க அவருடைய விரல்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்து, 25 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதுபோல் ஒடிகிறது. படியில் 50 கிலோ எடையுள்ள மாணவன். அவனையும் பேருந்தோடு சேர்த்துத் திருப்ப 200 நியூட்டன் விசை வேண்டும். ஒற்றைக் கையின் நான்கு விரல்கள் 20 கிலோ மூட்டையைத் திடீரென்று பிடித்து இழுப்பதற்குச் சமம் அது. வியர்த்த கையில் அந்தப் பிடி நிற்காது. புத்தகப்பை தோளில் இருந்தால் சுமை இன்னும் கூடும். இதை ‘மையவிலக்கு விசை தள்ளிவிட்டது’ என்பார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்த விசையும் அவனைத் தள்ளுவதாகத் தெரியாது. அவனை உள்ளே இழுத்துப் பிடிக்கப் போதிய விசை இல்லாமல் போனது என்பதுதான் நடந்தது.

*நிற்க நேர்ந்தால் கால்களை முன்னும் பின்னுமாக அகட்டி வையுங்கள், ஒரு கை கம்பியில் இருக்கட்டும்.* பேருந்தின் குலுக்கல் பெரும்பாலும் முன்பின்னாகத்தான் வரும். அந்தத் திசையில் தாங்கும் தளம் அகலமாக இருந்தால் ஈர்ப்பு மையம் அதைத் தாண்டி வெளியே போகாது. சில்லறை எண்ணிக்கொண்டே சமாளிக்கும் நடத்துனரைக் கவனியுங்கள். இருக்கையின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து, ஒரு காலை முன்னே வைத்து நிற்பார். அனுபவம் அவருக்குக் கற்றுத் தந்த இயற்பியல் அது.

*கடைசி இருக்கையில் கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் உட்கார வைக்காதீர்கள்.* அந்த இருக்கை பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. வேகத்தடையில் ஏறும்போது அது சீசாப் பலகையின் நுனிபோல எகிறும். நடுவில் இருப்பவருக்குக் குலுக்கல், கடைசியில் இருப்பவருக்கு இருக்கையை விட்டே எழும்பி விழும் அடி.

*சன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள்.* எதிரெதிரே 50 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று 100 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன. விநாடிக்கு 28 மீட்டர். கையை உள்ளே இழுக்க நேரம் இருக்காது.

இருசக்கர வண்டியில்

*வேகத்தை உயரமாக மாற்றிப் பாருங்கள்.* மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றால் யாருக்கும் அச்சம் வருவதில்லை. மாடியிலிருந்து விழுவதென்றால் எல்லோருக்கும் வருகிறது. இரண்டும் ஒன்றுதான். 36 கி.மீ. வேகத்தில் அசையாத ஒன்றின்மேல் மோதுவது 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 54 கி.மீ. என்றால் 11 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நான்கு மாடி. 72 கி.மீ. என்றால் 20 மீட்டர். 36 இருமடங்காகி 72 ஆனபோது உயரம் 5-இலிருந்து 20 ஆகிவிட்டதைப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. வகுப்பில் இந்த ஒரு வரியை நான் கரும்பலகையின் மூலையில் எழுதி ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருப்பேன்.

*ஹெல்மெட்டை அணியுங்கள், கொக்கியையும் மாட்டுங்கள்.* கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் நேரமும் கூடக்கூட, கையில் விழும் விசை குறையும். ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற கெட்டியான நுரை இருக்கிறதே, அது தலைக்காக அந்தக் கையிழுப்பைச் செய்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுகிறது என்று கொள்வோம். வெறும் தலை 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் அதன்மேல் விழும் விசை அதன் எடையைப்போல் 750 மடங்கு. நுரை 2 சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் 75 மடங்கு. பத்தில் ஒரு பங்கு. வெளி ஓட்டின் பளபளப்பில் எதுவும் இல்லை, உயிர் அந்த நுரையில் இருக்கிறது.

அதனால்தான் சாலையோரத்தில் விற்கும் நுரையில்லாத தொப்பிகளை வாங்காதீர்கள் என்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. கொக்கி மாட்டாத ஹெல்மெட்டுக்கும் நிலைமம் உண்டு. நீங்கள் விழுவதற்கு முன்பே அது தலையைவிட்டுத் தனியாகப் பறந்துவிடும்.

*முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள்.* “முன் பிரேக் பிடிச்சா குப்புறத் தூக்கிப் போட்டுடும்” என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தே ஓட்டிப் பழகியவர்கள் ஏராளம். வண்டி வேகம் குறையும்போது சுமை முன்சக்கரத்துக்கு மாறுகிறது; முன்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுமை கூடிய சக்கரத்துக்குத்தான் தரையில் பிடிப்பும் கூடும். பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அதை மட்டும் பிடித்தால் அது சறுக்கும், வண்டி வால் வீசும். எனவே இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். முன் பிரேக்கை ஒரே அடியாக இறுக்குவதும், மணலிலோ வளைவிலோ இறுக்குவதும்தான் ஆபத்து. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாக இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்போது இருக்கும் உராய்வைவிட, உருண்டுகொண்டே பிடிக்கும்போது கிடைக்கும் உராய்வு அதிகம். அந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே ஏபிஎஸ்ஸின் வேலை.

*சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள்.* சக்கரத்தில் சேலைக் காப்பு இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

*பேருந்தோடும் லாரியோடும் இடத்துக்குப் போட்டி போடாதீர்கள்.* மூன்றாம் விதிப்படி மோதலில் இரண்டுக்கும் விழும் விசை சமம். 10 டன் பேருந்தும், ஆளோடு சேர்த்து 200 கிலோ வரும் வண்டியும் மோதினால் இரண்டும் வாங்குவது ஒரே அளவு அடி. ஆனால் அந்த அடியால் ஏற்படும் வேக மாற்றம் சிறிய வண்டிக்கு 50 மடங்கு அதிகம். பேருந்தில் இருப்பவருக்கு ஒரு குலுக்கல் என்றால் உங்களுக்கு அதுவே எல்லாம். யார் பக்கம் நியாயம் என்று விதி பார்ப்பதில்லை.

இடைவெளியும் மழையும்

*முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு விநாடி விடுங்கள்.* மீட்டர் கணக்கு ஓடும்போது தெரியாது, விநாடி எண்ணலாம். முன் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இரண்டு எண்ணி முடிக்கும் முன்பே நீங்களும் அதைத் தாண்டினால் மிக நெருங்கியிருக்கிறீர்கள். 54 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று வைத்தால் அதற்குள்ளேயே 15 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் நிற்க இன்னும் 16 மீட்டர். ஆக 31 மீட்டர். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதல் 15 இரட்டிக்கும், மும்மடங்காகும். எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் அந்தத் தூரத்தைத் திருப்பித் தராது.

*மழையில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.* நனைந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த 16 மீட்டர் 28 ஆகும். கோடை முடிந்து விழும் முதல் மழை இன்னும் மோசம். சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து வழவழப்பாகக் கிடக்கும், நன்றாகக் கழுவிப் போகும்வரை. அந்த முதல் அரை மணி நேரம் தேநீர்க் கடையில் நின்றுவிடுவது நல்லது.

*வழுக்கையான டயரோடு ஓட்டாதீர்கள்.* டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்கு இல்லை. அடியில் சிக்கும் தண்ணீர் வெளியேறுவதற்கான வாய்க்கால்கள் அவை. அவை தேய்ந்துவிட்டால் டயர் தண்ணீரின்மேல் மிதக்கும். பிரேக்கும் கைப்பிடியும் அப்போது பயன்படாது.

வளைவிலும் மலையிலும்

*வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள்.* கார் டயர் ஒன்று தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். இருசக்கர வண்டிக்கு அதைவிடக் குறைவு. அந்தச் சிறு இடத்தில் கிடைக்கும் உராய்வைக் குடும்பத்தின் மாதச் சம்பளம்போல நினைத்துக்கொள்ளுங்கள். திருப்புவதற்கும் அதிலிருந்துதான் செலவு, நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான். திருப்பத்துக்கே முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. வண்டி சறுக்கும்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் 15 மீட்டர் என்று கொண்டால், காய்ந்த சாலையில் டயர் தாங்கும் உச்ச வேகம் 36 கி.மீ.தான். மழையில் 27. மணல் சிதறிக் கிடந்தால் அதற்கும் கீழே. வண்டி எத்தனை லட்சம் ரூபாய் என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர்கள் மலையில் தவறுவது இந்த இடத்தில்தான்.

*ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.* மலை ஓட்டுநர்களின் பழைய பாடம் இது, ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. 10 டன் பேருந்து 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது ஏறக்குறைய 10 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் பிரேக்கின்மேல் போட்டால் அது காய்ந்து, பிடிப்பை இழந்து, மிதித்தாலும் நிற்காத நிலைக்கு வந்துவிடும். குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினே பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடாதீர்கள். இன்ஜின் தரும் அந்தத் துணையை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள்.

*வண்டியின் கூரைமேல் கனமான சுமையை ஏற்றாதீர்கள்.* சுமை மேலே ஏற ஏற ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். டயர் சறுக்கும் முன்பே வண்டி கவிழ்ந்துவிடும்.

பிள்ளைகளை ஏற்றிச் செல்லும்போது

*காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காராதீர்கள்.* “நான் கெட்டியாப் பிடிச்சிக்குவேன்” என்று சொல்லாத தாய் இல்லை. அன்பில் குறையில்லை, கையின் வலு போதாது. 54 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது. 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 1,500 நியூட்டன் விசை வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு உங்கள் கையை ஒரே நேரத்தில் இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். உலகத்தில் எந்தத் தாயாலும் முடியாது. குழந்தைக்கான தனி இருக்கையில், பின்பக்கம், வாரோடு கட்டி உட்கார வையுங்கள்.

*பின் இருக்கையிலும் சீட் பெல்ட் போடுங்கள்.* இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்குமுன் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர். வேக மாற்றத்தை மனித உடம்பு எந்த இடத்தில் தாங்கும் என்று அறிந்த அவர், விசையை வயிற்றில் விடாமல் இடுப்பெலும்பிலும் மார்பெலும்பிலும் பரப்பினார். எல்லா நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வோல்வோ திறந்துவிட்டது. இலவசமாகக் கொடுத்த அந்த அறிவை இருக்கைக்குப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டு நாம் பயணம் செய்கிறோம். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவரின் முதுகில் போய் மோதுவார்.

*ஸ்கூட்டரின் முன்பக்கம் பிள்ளையை நிறுத்திக்கொண்டு போகாதீர்கள்.* காலை எட்டரை மணிக்கு எந்தத் தெருமுனையில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அப்பா தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கும் பிள்ளையின் தலையில் எதுவும் இல்லை. பிரேக் பிடித்தால் பிள்ளையின் நெற்றி நேராகக் கைப்பிடிக்குப் போகும். பின்னால் வரும் அப்பாவின் எடையும் அதன்மேல் விழும். சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றினால் குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும்; வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது.

பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டிவிடாதீர்கள். தளர்ந்த ஹெல்மெட் கழுத்தைத் திருப்பும், கண்ணை மறைக்கும், விழும்போது கழன்றுவிடும். பிள்ளையின் தலையளவுக்கு ஒன்று வாங்குங்கள். தலை வளர வளர மாற்றுங்கள். நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து, அதன் தாடைக்குக் கீழே கொக்கி ‘டக்’ என்று மாட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.